பிக்கப்பில் ட்ரெயிலர் பிரேக் கன்ட்ரோலர் பொருத்துவது எப்படி: நான்கு ஒயர், ஒரு நாள் வேலை

கனடாவின் ஒன்டாரியோவில் மே மாதம் பிறந்ததும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் பழைய கேம்பிங் ட்ரெயிலர் ஒன்றை வாங்கிவிடுவார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அல்கோன்குவின் பூங்கா போக வேண்டும், கில்பேர் பூங்கா போக வேண்டும் என்ற ஆசை. வாசலில் பிக்கப் நிற்கிறது, பின்னால் ட்ரெயிலரை மாட்டும் ஹிட்ச்சும் இருக்கிறது, மாட்டினால் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடும்தான். அதை நிறுத்துவதற்குத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலை.

இங்கே சட்டமும் அதைக் கேட்கிறது. மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்கு, அதை நிறுத்திப் பிடித்துவைக்கும் அளவுக்குப் பிரேக் இருந்தாக வேண்டும். இருபது அடி கேம்பிங் ட்ரெயிலரில் தண்ணீர், கேஸ் சிலிண்டர், சமையல் சாமான், சைக்கிள் எல்லாம் ஏற்றினால் பெரும்பாலும் இந்த எடையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ட்ரெயிலரின் சக்கரங்களில் மின் பிரேக் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதை இயக்கும் கருவி உங்கள் பிக்கப்பில் இருக்க வேண்டும். அதுதான் பிரேக் கன்ட்ரோலர்.

என் வண்டிக்கும் நண்பர்களின் வண்டிகளுக்குமாக ஐந்தாறு முறை இதைச் செய்திருக்கிறேன். கன்ட்ரோலரிலிருந்து வருவது நான்கே ஒயர். எது எங்கே போகும் என்பதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மீதி நேரம் முழுக்க இணைப்புகளுக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கொடுக்க வேண்டியது. ஏன் என்று புரிய, முதலில் அந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது

ட்ரெயிலர் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். உள்ளே ஒரு நெம்புகோல், அதன் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் காந்தம், சுழன்றுகொண்டிருக்கும் டிரம்மின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதைத் தன் போக்கில் இழுக்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் சாய்ந்து பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும்.

எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு பிடி. 10 அல்லது 12 அங்குல டிரம் என்றால் ஒரு காந்தம் முழுப் பிடியில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். ஒற்றை அச்சு ட்ரெயிலருக்கு 6, இரட்டை அச்சுக்கு 12, மூன்று அச்சுக்கு 18. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சோதிக்கும்போது தேவைப்படும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பேட்டரியிலிருந்து காந்தம் வரையுள்ள பாதையில் எங்கே ஒரு இணைப்பு மெலிந்தாலும் பிரேக்கும் அந்த அளவுக்கு மெலிந்துவிடும். விளக்கு மங்கலாக எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். மங்கலான பிரேக், அழுத்த வேண்டிய நேரம் வரும்வரை தெரியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். படகு ஏற்றும் ட்ரெயிலர்களிலும் வாடகைக்குக் கிடைக்கும் கார் ட்ரெயிலர்களிலும் பெரும்பாலும் சர்ஜ் பிரேக் இருக்கும். ட்ரெயிலர் பிக்கப்பை முன்னால் தள்ளும் விசையிலேயே வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் அது. அதற்குக் கன்ட்ரோலர் தேவையில்லை. வாங்கும் முன் உங்கள் ட்ரெயிலரில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கன்ட்ரோலர்

இரண்டு வகை உண்டு. டைம் டிலே வகை, பெடலை மிதித்ததும் நீங்கள் முன்பே வைத்த அளவுக்கு மின்சாரத்தை ஒரே சீராக ஏற்றும். மெதுவாக மிதித்தாலும் அவசரமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். ப்ரபோர்ஷனல் வகைக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. பிக்கப் எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து, அதற்கு ஏற்ப ட்ரெயிலர் பிரேக்கைக் கொடுக்கும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ப்ரபோர்ஷனல் வகையையே வாங்குங்கள். விலை வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டெகோன்ஷாவின் ப்ராடிஜி பி3, ஆஸ்திரேலிய நிறுவனமான ரெட்ஆர்க்கின் டோ-ப்ரோ இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. கர்ட் எக்கோ என்று ஒன்று, வண்டியின் பின்னால் ட்ரெயிலர் ஒயரைச் செருகும் ஏழு பின் (மின்முனை) சாக்கெட்டிலேயே செருகி, கைப்பேசி வழியாக இயங்கும். ஒயர் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு அது உதவும். எனக்கு டேஷ்போர்டில் கையெட்டும் தூரத்தில் ஒரு நெம்புகோல் இருப்பதுதான் நிம்மதி. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள்

எஃப்-150, சில்வராடோ, ராம், டண்ட்ரா போன்ற பிக்கப்களில் பல, டோயிங் பேக்கேஜோடு வந்திருக்கும். சிலவற்றில் கன்ட்ரோலரே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அதற்கான பிளக் மட்டும் ஸ்டீயரிங் கம்பத்துக்கு அருகிலோ பார்க்கிங் பிரேக் பெடலுக்கு மேலோ தொங்கிக்கொண்டிருக்கும். அது இருந்தால் உங்கள் வண்டி மாடலுக்கும் கன்ட்ரோலருக்கும் பொருந்தும் அடாப்டர் ஹார்னஸ் (பிளக்கோடு வரும் ஒயர்க் கட்டு) ஒன்றை வாங்குங்கள். ஒரு முனை வண்டியில், மறு முனை கன்ட்ரோலரில். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நேரே சோதனைப் பகுதிக்குப் போய்விடலாம்.

பிளக் இல்லையா? பின்பக்கம் விளக்குகளுக்கான நான்கு பின் தட்டை பிளக் மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் தொடர்ந்து படியுங்கள்.

வாங்க வேண்டியவை

டெஸ்ட் லைட், மல்டிமீட்டர், நல்ல கிரிம்பிங் பிளையர். இரண்டு ஒயர் நுனிகளைச் சேர்க்கும், சூடுபடுத்தினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பட் கனெக்டர்கள், போல்ட்டில் மாட்டும் ரிங் டெர்மினல்கள். 10 கேஜ் ஒயர் 25 அடிக்குக் குறையாமல் (கேஜ் எண் குறையக் குறைய ஒயரின் தடிமன் கூடும்). தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர்: இரண்டு முதல் நான்கு பிரேக் வரை 20 ஆம்பியர், ஆறு பிரேக் என்றால் 30. ஏழு பின் சாக்கெட், அதைத் தாங்கும் பிராக்கெட். ஒயரை மூடும் நெளிக்குழாய், துளையின் விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட், ஜிப் டை, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ்.

ஒயர் தடிமனில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் கணக்கு இருக்கிறது. 12 ஆம்பியர் 20 அடி ஓடும்போது 16 கேஜ் ஒயர் ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். 12 கேஜ் என்றால் 0.4 வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு, 10 கேஜ் என்றால் கால் வோல்ட். பல கன்ட்ரோலர்களின் கையேடு 12 கேஜ் போதும் என்கிறது, தவறில்லை. ஆனால் ட்ரெயிலருக்குள்ளும் இதே மாதிரி ஒரு தூரம் ஒயர் ஓடுகிறது. நம் பக்கத்தில் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடுவோம்.

படி 1: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இது. அப்புறம், டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர்களைத் தொடாதீர்கள், டெஸ்ட் லைட்டாலும் குத்தாதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

படி 2: கன்ட்ரோலருக்கு இடம்

ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், டேஷ்போர்டின் கீழ் விளிம்பு. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை எட்ட வேண்டும். முழங்கால் இடிக்கக் கூடாது, முழங்கால் ஏர்பேக் விரியும் இடமாகவும் இருக்கக் கூடாது. ப்ரபோர்ஷனல் வகையில் பலவற்றுக்கு, கருவி வண்டி போகும் திசைக்கு இணையாகப் பார்க்க வேண்டும். கோணலாக மாட்டினால் சென்சார் வேகக் குறைவைத் தப்பாக அளக்கும். மேல், கீழ் சாய்வு எவ்வளவு இருக்கலாம் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். பிராக்கெட்டுக்குத் துளை போடும் முன் பின்னால் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

படி 3: நான்கு ஒயர்

கறுப்பு பேட்டரி பாசிட்டிவுக்கு, வெள்ளை நெகட்டிவுக்கு, சிவப்பு பிரேக் பெடல் சுவிட்சுக்கு, நீலம் பின்னால் ட்ரெயிலருக்கு. கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் பழுதாகிவிடும். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு டேப் துண்டு ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

கறுப்பும் வெள்ளையும் நீலமும் எஞ்சின் பக்கம் போக, எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரான ஃபயர்வாலைத் தாண்ட வேண்டும். ஏற்கெனவே ஒயர் போகும் பெரிய ரப்பர் குரோமெட் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாக வெட்டி நுழைத்துவிடலாம். புதுத் துளைதான் போட வேண்டுமென்றால் மறுபக்கம் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். துளையில் குரோமெட் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒயரின் உறையை அறுத்துவிடும்.

கறுப்பு ஒயர் சர்க்யூட் பிரேக்கர் வழியாகப் போக வேண்டும். பிரேக்கரைப் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பொருத்துங்கள். 'பேட்' என்று எழுதிய திருகு பேட்டரிப் பக்கம், 'ஆக்ஸ்' என்று எழுதியது கன்ட்ரோலர் பக்கம். ஏன் ஃப்யூஸ் போடாமல் தானாக மீளும் பிரேக்கர்? ஃப்யூஸ் போய்விட்டால் அடுத்த சர்வீஸ் நிலையம் வரும்வரை ட்ரெயிலருக்குப் பிரேக்கே கிடையாது. இது சூடு ஆறியதும் மறுபடி இணைத்துக்கொள்ளும்.

வெள்ளை ஒயர் பேட்டரி வரை போகட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் கட்டிவிடும் பழக்கம் வேண்டாம். புதிய பிக்கப்களில் நெகட்டிவ் டெர்மினல் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படியிருந்தால் டெர்மினலில் நேரடியாக மாட்டாமல், பேட்டரியின் கிரவுண்ட் கேபிள் பாடியில் போய் முடியும் போல்ட்டில் மாட்டுங்கள்.

சிவப்புதான் கொஞ்சம் நிதானம் கேட்கும். பிரேக் பெடலின் தண்டு மேலே போய் முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். இதைச் சோதிக்க மட்டும் பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் டெஸ்ட் லைட் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். அந்த ஒயர்தான் நமக்கு வேண்டியது. எப்போதும் எரியும் ஒயரில் சிவப்பை இணைத்தால் ட்ரெயிலர் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், டிரம் வெந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பல புதிய வண்டிகளில் அந்த சுவிட்ச் விளக்கை நேரடியாக எரிப்பதில்லை, கணினிக்கு ஒரு சிறு சமிக்ஞை மட்டும் அனுப்பும். அங்கே ஒயரை வெட்டிச் சேர்க்காதீர்கள், அந்த மாடலுக்கான ஹார்னஸை வாங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தாலும் ஹார்னஸ்தான்.

நீலம் ஃபயர்வாலைத் தாண்டி, சேஸிஸ் ஃபிரேமின் உட்பக்கமாகப் பின்னால் போக வேண்டும். ஓட்டுநர் பக்கமா மறுபக்கமா என்பதை சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள், அதற்கு எதிர்ப்பக்கம் நல்லது. நெளிக்குழாய்க்குள் விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு ஜிப் டை. ஸ்ப்ரிங், ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிள் என அசையும் எதையும் தொடக் கூடாது.

படி 4: பின்னால் ஏழு பின்

ஏழில் நடு பின் ரிவர்ஸ் விளக்குக்கு. மற்றவை: டெயில் விளக்கு, இடது, வலது, கிரவுண்ட், ட்ரெயிலர் பேட்டரிக்கு 12 வோல்ட், பிரேக். நான்கு பின் பிளக் ஏற்கெனவே இருந்தால் பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை கிரவுண்ட். அதிலேயே நேராகச் செருகும் ஏழு பின் அடாப்டர் கிட் கிடைக்கிறது. அதை வாங்கினால் நீலத்தையும், பேட்டரி சார்ஜுக்கான கறுப்பையும் மட்டும் சேர்த்தால் போதும். சார்ஜ் ஒயருக்குத் தனி சர்க்யூட் பிரேக்கர் வையுங்கள், கன்ட்ரோலரின் பிரேக்கரைப் பங்கு போடாதீர்கள்.

நிறத்தை நம்பி ஏமாந்துபோகிறவர்கள் இந்த இடத்தில் அதிகம். கேம்பிங் ட்ரெயிலர்களுக்குள் வேறொரு நிற வழக்கம் இருக்கிறது: அங்கே டெயில் பச்சை, இடது சிவப்பு, வலது பழுப்பு. பச்சையோடு பச்சையைச் சேர்த்தால் வலது இண்டிகேட்டர் போடும்போது ட்ரெயிலரின் டெயில் விளக்கு ஒயரில் மின்சாரம் போகும். சாக்கெட்டின் பின்புறத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் எழுதியிருப்பதைப் படியுங்கள், டெஸ்ட் லைட்டால் ஒவ்வொன்றாக உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிரவுண்டுக்கு ஃபிரேமில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, ரிங் டெர்மினலை போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ட்ரெயிலருக்குப் போகும் அத்தனை மின்சாரமும் திரும்பி வரும் வழி இது ஒன்றுதான். ஹிட்ச் உருண்டை வழியாகக் கிரவுண்ட் கிடைத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

இணைப்புகளைப் பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முதல் வண்டியில் நீல ஒயரைப் பம்பருக்கு அடியில், ஒயரின் உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே கடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பால் இணைத்தேன். பளிச்சென்று வேலை செய்தது. இரண்டு குளிர்காலம் சாலை உப்பில் ஓடியது. மூன்றாம் ஆண்டு ஹைவே 400-இல் பேரி அருகே வெளியேறும் வளைவில் பெடலை மிதிக்கிறேன், பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுவது போல் இருக்கிறது. பிள்ளைகள் பின் சீட்டில். முன்னால் வண்டி எதுவும் இல்லாததால் சமாளித்து நின்றேன். கன்ட்ரோலர் திரையில் ட்ரெயிலர் இணைந்திருப்பதாகவே காட்டியது, ஏனென்றால் இணைப்பு அறுந்துபோகவில்லை, மெலிந்துபோயிருந்தது. அந்தக் கிளிப்பைக் கழற்றியபோது உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அன்றிலிருந்து வெளிப்புறத்தில் நான் போடும் ஒவ்வொரு இணைப்பும் கிரிம்ப் செய்து, சூடு காட்டிச் சுருக்கிய கனெக்டர்தான். கிரிம்ப் செய்ததும் இரண்டு பக்கமும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வரட்டும்.

படி 5: வாசலிலேயே சோதனை

பேட்டரியை மாட்டி, ட்ரெயிலரைச் செருகுங்கள். ஒருவர் பின்னால் நின்று டெயில், இடது, வலது, பிரேக் விளக்குகளைச் சொல்லட்டும். பிறகு கன்ட்ரோலரின் கை நெம்புகோலை முழுவதும் தள்ளினால் சக்கரங்களிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லையா, சாதாரணத் திசைகாட்டி ஒன்றை டிரம்முக்குப் பக்கத்தில் பிடியுங்கள். காந்தம் உயிர்பெற்றால் ஊசி திரும்பும். நான்கு சக்கரத்தையும் இப்படித் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

ஆம்பியர் அளக்கும் வசதி இருந்தால் நீல ஒயரில், கன்ட்ரோலரை முழு அளவில் வைத்து அளந்து பாருங்கள். இரட்டை அச்சு ட்ரெயிலரில் 12-க்கு அருகே வர வேண்டும். 9 என்றால் ஒரு சக்கரத்துக்கு மின்சாரம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாமே குறைவாக இருந்தால் கிரவுண்டைச் சந்தேகப்படுங்கள்.

படி 6: பிரேக்அவே பின்

ஓடும்போது ட்ரெயிலர் கழன்றுவிட்டால், ஒரு பின் பிடுங்கப்பட்டு ட்ரெயிலரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக் முழுவதும் பிடிக்கும். இதைச் சோதிக்கும்போது முதலில் ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் பிக்கப் பக்கம் திரும்பி வந்து கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். பின்னைப் பிடுங்கி, ட்ரெயிலரை நகர்த்திப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. உடனே பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள். அதன் கம்பிக் கயிறு பிக்கப்பில் தனி இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியிலோ கழற்றக்கூடிய உருண்டைப் பகுதியிலோ மாட்டக் கூடாது.

படி 7: அளவு வைப்பது

இதைச் செய்யாமல் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பயணத்துக்கு எவ்வளவு சாமான் ஏற்றுவீர்களோ அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத சமதளமான காய்ந்த தார் சாலைக்கோ ஞாயிறு காலை காலியாக இருக்கும் பெரிய பார்க்கிங் இடத்துக்கோ போங்கள். சில முறை பிரேக் போட்டு டிரம்மைக் கொஞ்சம் சூடாக்குங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், பெடலைத் தொடாமல் கை நெம்புகோலை மட்டும் முழுவதும் தள்ளுங்கள். ட்ரெயிலர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள். மெதுவாக இழுத்தால் கூட்டுங்கள். பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் அளவுதான் உங்களுடையது. பிறகு பெடலால் நிறுத்திப் பாருங்கள். ட்ரெயிலர் தள்ளவும் கூடாது, பின்னால் பிடித்து வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, இரண்டும் சேர்ந்து ஒரே வண்டியாக நிற்க வேண்டும்.

இந்த அளவு நிரந்தரம் அல்ல. காலி ட்ரெயிலர், மழை, சரளைக்கல் பாதை, எதுவானாலும் குறைக்க வேண்டும். பிள்ளைகளைக் கரையில் இறக்கி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து திரும்பும்போது நான் ஒரு முறை மறுபடி சரிபார்ப்பேன். புது ஷூ போட்டிருந்தால் முதல் சில பயணங்களில் அது டிரம்மோடு பழகும், அப்போதும் அளவு மாறும்.

கை நெம்புகோல் கையெட்டும் தூரத்தில் வேண்டும் என்று முன்னால் சொன்னேன். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது சில நேரம் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அப்போது பெடலை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, நெம்புகோலைக் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ட்ரெயிலர் மட்டும் பிரேக் போட்டு, பிக்கப்புக்குப் பின்னால் நேராக இழுபட்டு வந்துவிடும். இதை உடன் ஓட்டும் மனைவிக்கோ கணவருக்கோ காலிப் பார்க்கிங்கிலேயே ஒரு முறை காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

அக்டோபரில் ட்ரெயிலரை நிறுத்தும்போது ஏழு பின் சாக்கெட்டின் ஏழு பின்னிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடியைச் சாத்துங்கள். மே மாதம் திறந்ததும் முதல் வேலையாகப் பின்களைத் துடைத்து, கிரவுண்ட் போல்ட்டை ஒரு திருகு இறுக்கி, திசைகாட்டியோடு நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று வாருங்கள். கால் மணி நேரம் ஆகும்.